நோட்டீஸில் எழுதாத வரி

சத்தியசீலன் ஆஸ்பத்திரியில் பிணவறைக்குக் குமாஸ்தா. எந்த ஆஸ்பத்திரி என்பது இந்தக் கதைக்கு வேண்டாத சங்கதி. என்ன வேலை என்று கேட்கிறவர்களிடம் அவர் 'கவர்மெண்டில் ரிக்கார்டு செக்‌ஷன்' என்று சொல்லி வைப்பார். கல்யாணப் பந்தியில் பிணவறைக்காரருக்குப் பக்கத்து இலையில் உட்கார யாருக்குத்தான் மனசு வரும்? அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தங்கம் அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அவர்களுக்கென்று மூன்றாவது வரிசையில் பெஞ்சு உண்டு. அப்படிப்பட்ட வீட்டு மனுஷர் காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை செத்தவர்களைப் பற்றி எழுதினார். மிச்ச நேரத்தில் கவிதை எழுதினார்.

எழுபதுகளின் நடுவில் மதுரையில் புதுக்கவிதை எழுதாத குமாஸ்தாவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எதுகையையும் மோனையையும் கழற்றி எறிந்தாயிற்று. நிலவையும் பெண்ணையும் கைகழுவியாயிற்று. இனி ரிக்‌ஷாக்காரன், நடைபாதை, சாக்கடை, எச்சில் இலை. இருநூறு பிரதி அச்சடித்து அதில் நூற்றைம்பதை ஆசிரியரின் கட்டிலுக்கடியில் அடுக்கி வைக்கிற பத்திரிகைகள் நாலைந்து ஓடிக்கொண்டிருந்தன. கிண்டலுக்குச் சொல்லவில்லை, அந்தக் கவிஞர்களில் பலருக்கு நிஜமான கோபம் இருந்தது. சத்தியசீலனுக்கும் இருந்தது. கார் மோதிச் செத்த வக்கீலுக்கு அரை மணி நேரத்தில் ஐஸ் பாறையும் ரோஜா மாலையும் வந்து இறங்கும். நடைபாதையில் செத்தவன் ஈரத் தரையில் கிடப்பான். தினம் தினம் அதைப் பார்க்கிறவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் அதிசயம்.

ஆள் தெரியாத பிணங்களுக்கு நோட்டீஸ் எழுதுவது போலீஸ்காரர் வேலை. ஆனால் ஏட்டையாவின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அதனால் அந்த வேலை சத்தியசீலன் தலையில் விடிந்தது. வயது, உயரம், நிறம், உடுப்பு, அங்க அடையாளம், உடைமைகள். மூன்று பிரதி எழுதுவார். ஒன்று ஆஸ்பத்திரி வாசல் பலகைக்கு, ஒன்று போலீஸ் ஸ்டேஷனுக்கு, ஒன்று தினசரிப் பத்திரிகைக்கு. மூன்று நாளில் யாரும் வந்து கேட்காவிட்டால் கார்ப்பரேஷன் வண்டி தத்தனேரி மயானத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிடும். அதற்கப்புறம் அந்த ஆளைப் பற்றி உலகத்தில் மிஞ்சுவது அந்த ஒரு பக்கம்தான்.

எழுபத்தைந்தில், ஆடி பிறந்து இரண்டாவது வாரம், ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர் நடைபாதையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அந்த வருஷப் பதிவேட்டில் எண் நாற்பத்தொன்று. நாற்பது வயது இருக்கும். நீலக் கட்டம் போட்ட கைலி, கைப்பக்கம் கிழிந்த பனியன். மூட்டை சுமந்து சுமந்து தோள் காய்த்திருந்தது. இரைப்பையில் உணவு ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதினார். கைலியை அவிழ்த்தபோது மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சு கீழே விழுந்தது. சத்தியசீலன் எடுத்து அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே ஒரு கைப்பிடி குதிரைவாலி.

“தானியந்தானா? நான் காசுன்னுல்ல நெனச்சேன்,” என்றார் ஏட்டையா. “தூக்கிப் போடுங்க சார், எலி வந்துரும்.”

சத்தியசீலன் தூக்கிப் போடவில்லை. அவருக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பட்டினியில் செத்தவன் மடியில் தின்னாத தானியம்! ஒரு வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்த வரி, மஞ்சள் துணியில் கட்டிக் காலடியில் வந்து விழுந்திருந்தது. நோட்டீஸ் எழுத உட்கார்ந்தார். வயது எழுதினார், உயரம் எழுதினார், கைலியின் கட்டம்கூட எழுதினார். உடைமைகள் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. இதை இங்கே எழுதினால் நாளைக் காலையில் பேப்பரில் வரும். டீக்கடையில் நாலு பேர் படித்து உச்சுக்கொட்டுவார்கள். அப்புறம் கவிதையில் என்ன புதுசு இருக்கும்? 'உடைமைகள்: எதுவுமில்லை' என்று எழுதினார். முடிச்சைத் திரும்பக் கட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். திருடுகிறோம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. ஒரு ஏழைக்குச் செய்யும் மரியாதை என்றுதான் தோன்றியது.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. வாசல் பலகைக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடம் படித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் அவளைச் சத்தியசீலனிடம் அனுப்பினார். நாகமலைக்கு மேற்கே ஏதோ ஒரு ஊர், பெயர் முத்துத்தாய். மழை பொய்த்து, வேலை தேடி டவுனுக்கு வந்த வீட்டுக்காரர் ஆடி பிறந்தும் திரும்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் கேட்டதற்கு விரட்டிவிட்டார்களாம். சத்தியசீலன் எழுந்து வந்து பலகையில் இருந்த நோட்டீஸைப் படித்தார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“கைலியா சார்?” என்றாள். “அப்ப அவரு இல்ல. கைலி கட்டுனவனை வாசப்படி ஏத்தமாட்டாரு. வேட்டிதான்.”

“எதுக்கும் உள்ள வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போறியாம்மா?”

“வேணாம் சார். அவரு இல்ல.” அவள் முகத்தில் அம்புட்டு நிம்மதி. மூட்டை தூக்குகிற வேலையில் வேட்டி தாங்காது என்று சத்தியசீலனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் தலைக்குள் ஐந்தாவது வரியும் ஆறாவது வரியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவர் வற்புறுத்தவில்லை. அவள் போன ஒரு மணி நேரத்தில் கார்ப்பரேஷன் வண்டி வந்தது.

கவிதை அடுத்த மாதம் அச்சானது. 'நாற்பத்தொன்று' என்று தலைப்பு.

*ஸ்டேஷனுக்கு எதிரே*
*பெயர் இல்லாத ஒருவன்.*
*மடியில் ஒரு பிடி தானியம்.*
*தின்னாமல் செத்தான்,*
*விதைக்காமலும் செத்தான்.*
*நகரமே,*
*உன் எச்சில் இலை விழும் கடைக்கும்*
*பலகை உண்டு, பெயர் உண்டு.*
*இவனுக்கு*
*ஒரு எண் போதும்.*

பத்திரிகையை நடத்திய சவரியப்பன் அவருக்குப் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, இப்போது கல்லூரியில் விரிவுரையாளர். தை மாதம் நாகமலைப் பக்கம் ஒரு கூட்டம் போட்டு, சத்தியசீலனை மேடையேற்றி அந்தக் கவிதையைப் படிக்க வைத்தான். படித்து முடித்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அப்புறம் கைதட்டல். ஏழைக்குப் பெயர்கூட மறுக்கப்படுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று ஒரு பேராசிரியர் அரை மணி நேரம் பேசினார். கூட்டம் முடிந்து எல்லோருமாகப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுக்கொண்டே வர்க்கப் போராட்டத்தைப் பற்றிக் கடைசி பஸ் வரைக்கும் சண்டை போட்டார்கள். சத்தியசீலனின் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

முத்துத்தாய் செவ்வாய்தோறும் வந்துகொண்டிருந்தாள். முதல் பஸ்ஸில் கீரைக்கட்டைக் கொண்டுவந்து மார்க்கெட்டில் போட்டுவிட்டு, பத்து மணிக்கெல்லாம் பலகைக்கு முன்னால் வந்து நிற்பாள். சத்தியசீலன் ஒவ்வொன்றாகப் படிப்பார். ஒவ்வொன்றுக்கும் அவள் 'இல்ல' என்று தலையாட்டுவாள். கடைசி நோட்டீஸுக்கும் 'இல்ல' சொன்ன பிறகு அவள் முகம் தெளிந்துவிடும். பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி கிளம்பிப் போவாள்.

மாசி மாதத்தில் சத்தியசீலனுக்கு அடுத்த கவிதைக்குக் கை அரித்தது. காத்திருக்கிற பெண் ஒருத்தியைப் பற்றி எழுதலாம், ஆள்தான் செவ்வாய்க்குச் செவ்வாய் வாசலுக்கே வருகிறாளே என்று நினைத்தார். ஒரு நாள் அவளை உள்ளே கூப்பிட்டு, ஸ்டூலில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்தார். மேஜைக்கடியில் நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். “வீட்டுக்காரர் கிளம்பின அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லும்மா,” என்றார்.

அதுவரைக்கும் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் மடை திறந்த மாதிரி பேசினாள். கிணறு வற்றியது, மாட்டைப் பிடித்துக் கொடுத்தது, அவர் ரெண்டு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தது.

“கெளம்புறப்ப நாந்தான் சார் வெதப்பானையில இருந்து ஒரு கை குருதவாலி அள்ளி, மஞ்சத்துணியில முடிஞ்சு அவரு மடியில சொருகிவிட்டேன். ஆடிக்குள்ள மழை வந்துச்சுன்னா ஓடி வந்துரணும், இதைத்தான் மொதக் கையா வெதைக்கணும், அதுவரைக்கும் எம்புட்டுப் பசிச்சாலும் வாயில போட்ரக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். வெத நெல்லு மாதிரிதான சார், அதைத் தின்னா குடும்பம் வெளங்குமா? அந்த முடிச்சு இருந்தா அவருதான். நீங்க படிக்கிறதுல என்னைக்காச்சும் முடிச்சுன்னு வருதான்னுதான் நானும் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன். வரல. நல்லவேளை, வரல.”

சத்தியசீலன் பேனாவை மூடினார். மடியிலிருந்த நோட்டையும் மூடினார். முடிச்சு அவர் வீட்டு மேஜை இழுப்பறையில், கவிதை அச்சான பத்திரிகைக்கு மேலே இருந்தது. அன்றைக்கே அவர் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தார். “டீயைக் குடிம்மா, ஆறுது,” என்றார்.

அன்றிலிருந்து பிடித்தது.

பகல் பதினொரு மணிக்குப் பதிவேட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். மேஜைக்கு முன்னால் ஒருவர் வந்து நிற்பது தெரியும். நனைந்த சாக்கு நாற்றம் அடிக்கும். 'ஒரு நிமிஷம்' என்று சொல்லிவிட்டு வரியை முடித்து நிமிர்ந்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அதற்கு முன் ஒன்பது வருஷம் பிணங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவர் அவர். எந்தப் பிணமும் அவரை ஒன்றும் செய்ததில்லை. இது பிணம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் நிற்கிற ஆள்.

“இதென்னங்க, டிராயர்ல தானியம்?” என்று தங்கம் ஒரு நாள் முடிச்சைக் கையில் எடுத்துவிட்டாள். அவர் பாய்ந்து பிடுங்கிய வேகத்தில் அவள் பயந்துபோனாள். அதற்கப்புறம் அதை வீட்டில் வைக்கவும் பயம், ஆபீஸில் வைக்கவும் பயம், எறியவோ கை வராது. சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். சைக்கிள் மிதிக்கும்போது நெஞ்சுக்கு மேலே சரசரவென்று சத்தம் வரும். கோவிலில் காணிக்கைப் பை வரும்போது சட்டைப்பைக்குள் கையை விட்டால் முதலில் முடிச்சுதான் தட்டுப்படும். கண்ணை மூடி ஜெபம் பண்ணும் அத்தனை பேருக்கு நடுவில் அவர் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். மூடினால் வேறு யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தெரிந்துவிடும்.

தாங்க முடியாமல் சவரியப்பனிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். அவன் சிகரெட்டை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டான்.

“மாப்ள, இதுதாண்டா கவிதை,” என்றான். “முதல்ல எழுதினது சும்மா. இதை எழுது. அடுத்த இதழ்ல முதல் பக்கம் உனக்கு.”

சத்தியசீலன் எழுந்து வந்துவிட்டார். பிறகு அவனையும் பார்க்கவில்லை, கவிதையும் எழுதவில்லை. நோட்டீஸ் மட்டும் எழுதினார். சுண்டுவிரல் நகம் கறுத்திருந்தால் எழுதினார். வேட்டியில் தையல் விட்டிருந்தால் எந்த நிற நூலில் தைத்தது என்று எழுதினார். ஒரு பீடிக்கட்டு, பஸ் டிக்கெட்டின் கிழிந்த பாதி, ஒன்றையும் விடவில்லை. “என்ன சார், ஆளுக்கொரு ராமாயணம் எழுதுறீங்க,” என்று ஏட்டையா அலுத்துக்கொண்டார். அந்த நோட்டீஸைப் பார்த்து ஏழெட்டுக் குடும்பங்கள் வந்து தங்கள் பிணத்தை அடையாளம் கண்டு கொண்டுபோயின. ஒரு கிழவர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சத்தியசீலன் கையை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை என்றால் காலையில் இட்லி இறங்காது. ஆனாலும் ஒரு செவ்வாய்க்குக்கூட அவர் லீவு போடவில்லை. மாற்றல் வந்தபோது கெஞ்சிக் கூத்தாடி ரத்துசெய்துகொண்டார். வேறு யாராவது படித்தால் இவள் என்ன ஆவாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லிவிடலாம் என்று நினைத்த நாள்களும் உண்டு. அன்றைக்குப் பார்த்து அவள் நெற்றியில் பொட்டு பளிச்சென்று இருக்கும், தலையில் ரெண்டு கனகாம்பரம் வைத்திருப்பாள். ஒரு வார்த்தையில் அதையெல்லாம் எடுத்துவிட அவருக்குத் தைரியம் இல்லை. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இப்படியே ஏழு வருஷம் ஓடியது.

எண்பத்திரண்டு ஆவணியில் ஒரு செவ்வாய். முத்துத்தாய் பலகைப் பக்கம் திரும்பாமல் நேராக மேஜைக்கு வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. கையில் ஒரு நோட்டுப் புத்தகத் தாள்.

“மக அன்னக்கொடிக்கு முடிச்சாச்சு சார். ஒத்தக்கடையில மாப்பிள்ளை. கல்யாணப் பத்திரிகை நீங்கதான் எழுதித் தரணும். எனக்கு எழுதுற மனுசன்னா உங்களைத்தான தெரியும்.”

“ரொம்பச் சந்தோஷம்மா,” என்று சத்தியசீலன் தாளை வாங்கினார்.

“ஒரே ஒரு வெவகாரம். மகளுக்கு அப்பன் பேரு போடணும்ல, அதுக்கு முன்னாடி காலஞ்சென்றன்னு போடணுமா, வேணாமான்னு சம்பந்தி வீட்ல கேக்குறாக. ஊருக்குள்ள ஆளுக்கொண்ணு சொல்றாக. நான் சொல்லிப்புட்டேன், ஆஸ்பத்திரி சார் ஏழு வருசமா எனக்குப் படிச்சுக் காட்டுறாரு, ஒண்ணுலயும் அவரு இல்லேன்னு. இல்லைல்ல சார்? அப்ப உசுரோடதான இருக்காரு? நீங்க சொன்னா நான் பொட்டோட போயி மக பக்கத்துல நிப்பேன்.”

அவள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 'போட வேண்டாம்' என்று ரெண்டு வார்த்தை சொன்னால் போதும். சிரித்துக்கொண்டே போய்விடுவாள், கல்யாணமும் நன்றாக நடக்கும், அவர் வேலையும் பத்திரமாக இருக்கும். அந்த ரெண்டு வார்த்தையும் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டன. ஆனால் தாளில் அந்த மனுஷரை உயிரோடு எழுதப்போவது அவர் கை. முன்பு ஒரு தடவை அதே கை அந்த மனுஷரை ஒன்றுமில்லாதவராக எழுதியிருக்கிறது. சத்தியசீலன் சட்டைப்பையிலிருந்து முடிச்சை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

மஞ்சள் போய் அழுக்கேறிய துணிதான். அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிரிப்பு இருந்த முகம் அப்படியே நின்றது.

“இது எங்க கெடந்துச்சு?”

அவர் சொன்னார். நாற்பத்தொன்று, ஸ்டேஷன், கைலி, எல்லாம். முடித்த பிறகு கேட்டாள்.

“நான் மொத தடவை வந்தன்னைக்கு?”

“உள்ளதாம்மா இருந்தார்.”

அவள் திரும்பிப் பிணவறைக் கதவைப் பார்த்தாள். மேஜையிலிருந்து இருபது எட்டு தூரம் இருக்கும். முடிச்சை எடுத்து உள்ளங்கையில் புரட்டினாள்.

“இது நான் போட்ட முடிச்சு இல்லியே. அவுத்துப் பாத்தீகளோ?”

“பார்த்தேன்.”

“பெறகு ஏன் சார் எழுதல?”

இந்தக் கேள்விக்கு ஏழு வருஷமாக எத்தனையோ பதில் தயாரித்து வைத்திருந்தார். ஒன்றும் உதவவில்லை. “கவிதை எழுதினேன்மா,” என்றார். “அதுக்காக வச்சுக்கிட்டேன்.”

“அவரைப் பத்தியா?”

“ஆமா.”

“படிங்க.”

கவிதை அச்சான பத்திரிகை தேவைப்படவில்லை, மனப்பாடம். சத்தியசீலன் எழுந்து நின்று சொன்னார். நோட்டீஸுக்கு எப்படிச் சாய்ப்பாளோ அப்படியே தலையைச் சாய்த்து அவள் கேட்டாள். கைதட்டல் வாங்கிய அந்தக் கடைசி வரியையும் சொல்லி முடித்தார்.

“பேரு இல்லாத ஒருவனா?” என்றாள் முத்துத்தாய். “யாரு சொன்னா?”

ஏழு வருஷத்தில் அவர் அந்தப் பெயரைக் கேட்டதே கிடையாது.

“புருசன் பேரைச் சொன்னா அவரு ஆயுசு கொறஞ்சிரும்னு எங்க ஆத்தா சொல்லித்தான் அனுப்புனா. கல்யாணமான நாள்ல இருந்து எவ கேட்டும் நான் சொன்னதில்ல. இங்க வந்து நின்ன அம்புட்டு செவ்வாயும் அவரு பேரு நெஞ்சுல வந்து முட்டும். பல்லைக் கடிச்சு முழுங்கிருவேன். எங்கியோ இருக்காரு, என் வாயால கொறைய வேணாம்னு. இனி எது சார் கொறையப் போகுது?”

மேஜைமேல் இருந்த தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“காசிமாயன். எழுதுங்க. காலஞ்சென்ற காசிமாயன்.”

சத்தியசீலன் எழுதினார். “படிங்க,” என்றாள். படித்தார். அவள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முடிச்சையும் எடுத்துக்கொண்டாள். முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள், ரெண்டு தடவை. இழவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அவளும் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள்.